பிளாஸ்டிக்கின் மேல் அலுமினிய டேப்: 6 ஆண்டுப் பயன்பாட்டில் கண்டவை

2019 கோடையில் சென்னையின் ஏரிகள் வற்றிப்போய், தண்ணீர் லாரியை நம்பித் தெருவே குடங்களுடன் நின்ற நாள்களில், எங்கள் வீட்டிலிருந்த 200 லிட்டர் நீல டிரம்மின் அடிப்பகுதியில் ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் விட்டது. அன்று மாலை ஹார்டுவேர் கடையில் வாங்கியதுதான் என் முதல் அலுமினிய டேப். விரிசலின் மேல் மூன்று அடுக்காக அழுத்தி ஒட்டினேன். மூன்றாம் நாள் காலையில் டேப்பின் கீழ் விளிம்பிலிருந்து நீர் கசிந்துகொண்டிருந்தது. ஒரு மூலையைப் பிடித்து இழுத்ததும் மூன்று அடுக்கும் ஒன்றாகக் கையோடு வந்தன. பசை முழுவதும் டேப்பிலேயே இருந்தது; டிரம்மின் மேல் அதன் தடம்கூட இல்லை.

மட்டமான டேப்பை வாங்கிவிட்டோம் என்றே அப்போது நினைத்தேன். ஆனால் அதே சுருளிலிருந்து வெட்டி, சமையலறைச் சிம்னியின் குழாய் வந்து சேரும் பிளாஸ்டிக் வளையத்தின் மேல் அதே வாரத்தில் ஒட்டிய பட்டை, எண்ணெய்ப் புகையும் சூடும் தினமும் பட்டும் இன்றுவரை அசையவில்லை. ஒரே டேப், ஒரே கை, ஒரே வாரம். மாறுபட்டது அடியில் இருந்த பிளாஸ்டிக் மட்டுமே. கடைக்காரர் டேப்பின் பெயரைத்தான் சொல்கிறார். நாம் எதன் மேல் ஒட்டப்போகிறோம் என்று அவரும் கேட்பதில்லை, நாமும் சொல்வதில்லை. என் அனுபவத்தில் டேப்பின் ஆயுளை முதலில் தீர்மானிப்பது அந்தக் கேள்விதான்.

அலுமினிய டேப் என்பது பெரும்பாலும் 30 முதல் 50 மைக்ரான் கனமுள்ள அலுமினியத் தாளும், அதன் முதுகில் பூசிய பசையும், அந்தப் பசையை மூடிய உரிதாளும் சேர்ந்தது. பசை ஒரு பரப்பில் பிடிக்க வேண்டுமானால், முதலில் அதன் மேல் படர வேண்டும். மெழுகு பூசிய பரப்பில் நீர் படராமல் முத்து முத்தாக நிற்பதைப் போல, சில பிளாஸ்டிக்குகளின் மேல் பசை படர மறுக்கிறது. இதைப் பரப்பு ஆற்றல் என்ற அளவால் குறிக்கிறார்கள். பாலிபுரொப்பிலீனுக்கு அது மீட்டருக்கு ஏறத்தாழ 30 மில்லிநியூட்டன், பாலிஎத்திலீனுக்கு 31, பிவிசிக்கு 39, ஏபிஎஸ் பிளாஸ்டிக்குக்கு 42, பாலிகார்பனேட்டுக்கு 46. டிரம், வாளி, குடம், மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி ஆகியவை பெரும்பாலும் முதல் இரண்டு வகையைச் சேர்ந்தவை. குழாய், மின்சாதனங்களின் மேலுறை, கார் நிறுத்துமிடத்தின் கண்ணாடி போன்ற ஷீட் ஆகியவை மற்ற வகைகள். பொருளின் அடியில் முக்கோணத்துக்குள் அச்சிட்டிருக்கும் எண்ணைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும்: 2, 4 என்றால் பாலிஎத்திலீன், 5 என்றால் பாலிபுரொப்பிலீன், 3 என்றால் பிவிசி. 2, 4, 5 ஆகிய எண்களைக் கண்டால் சாதாரண அலுமினிய டேப்பை நம்பி நான் இப்போது இறங்குவதில்லை. உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கினால் பிடிக்கும் என்று சொல்லக் கேட்டு அதையும் செய்து பார்த்தேன்; மூன்று நாள் பிடித்தது மூன்று வாரமாயிற்று, அவ்வளவுதான்.

டிரம் விஷயத்தில் இன்னொரு பிழையும் இருந்தது. ஒரு மீட்டர் உயரத்துக்கு நிற்கும் நீர், அடியில் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஏறத்தாழ 100 கிராம் எடைக்குச் சமமாக அழுத்துகிறது. கேட்பதற்குச் சிறிய அளவுதான், ஆனால் அது இரவும் பகலும் ஓயாமல் பசையை உள்ளிருந்து வெளியே தள்ளுகிறது. எங்கள் பிளம்பர் இதை ஒரே வரியில் சொன்னார்: "உள்ளேயிருந்து தள்ளுற தண்ணியை வெளியில ஒட்டி நிறுத்த முடியாது, சார்." தொட்டிக்கும் டிரம்முக்கும் அதே வகைப் பிளாஸ்டிக் குச்சியை உருக்கி இணைக்கும் வெல்டிங்தான் சரியான வழி. எங்கள் டிரம்மை அப்படித்தான் சரிசெய்தோம்.

டேப் தன் தகுதியைக் காட்டியது மழைநீர் வடிகுழாயில். திருவான்மியூரில் இருக்கும் எங்கள் வீட்டின் மொட்டை மாடியிலிருந்து இறங்கும் பிவிசி குழாயின் சாக்கெட், கைப்பிடிச் சுவரை ஒட்டிய இடத்தில் வெயில்பட்டு நொறுங்கி, இரண்டு இடங்களில் பிளந்திருந்தது. குழாயை மாற்ற வேண்டுமானால் சுவரை உடைக்க வேண்டும். அந்தக் குழாயில் நீர் தேங்கி நிற்பதில்லை, மழையின்போது ஓடிவிடும்; ஆகவே அழுத்தம் குறைவு. 2020 அக்டோபரில், வடகிழக்குப் பருவமழைக்கு முன்பாக, இங்கே அலுமினியத் தாளின் அடியில் ஒரு மில்லிமீட்டருக்கும் சற்று அதிகமான கனத்தில் கறுப்புப் பியூட்டைல் ரப்பர் பூசிய டேப்பை ஒட்டினேன். அதற்கு முன் குழாயைச் சோப்பு நீரால் கழுவி, ஒரு நாள் முழுவதும் காயவிட்டு, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்தேன். ஒட்டிய பிறகு மரக்கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி அழுத்தித் தேய்த்தேன். இந்த டேப் அழுத்தத்தால் பிடிக்கும் வகை. மெல்ல வைத்துவிட்டு விரலால் தடவிவிடுவது போதாது. முழுப் பிடிப்பு வரச் சாதாரண அக்ரிலிக் பசைக்கு ஏறத்தாழ 72 மணி நேரம் ஆகும் என்பதால், எந்த டேப்பாக இருந்தாலும் மூன்று நாள் மழையில்லாத இடைவெளியைப் பார்த்தே இப்போது வேலையைத் தொடங்குகிறேன்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பெய்த மழை அந்தக் குழாய் வழியாகத்தான் இறங்கியது. சுவரில் ஈரம் தெரிகிறதா என்று மறுநாள் விளக்கடித்துப் பார்த்தேன். சுவர் காய்ந்தே இருந்தது.

அதே குழாயில், நீளவாக்கில் ஓடிய ஒரு கீறலின் மேல் சாதாரண டேப்பை ஒரு மீட்டர் நீளப் பட்டையாக ஒட்டியது மட்டும் தோற்றது. ஒரே கோடையில் பட்டை முழுவதும் குறுக்குச் சுருக்கங்கள் விழுந்து, ஒவ்வொரு சுருக்கமும் நீர் நுழையும் சிறு வாய்க்காலாகிவிட்டது. காரணம் வெப்பத்தால் விரியும் அளவின் வேறுபாடு. இரவுக்கும் கத்திரி வெயிலின் நண்பகலுக்கும் குழாயின் பரப்பில் 30 டிகிரி வேறுபாடு என்று கொண்டால், ஒரு மீட்டர் அலுமினியம் 0.7 மில்லிமீட்டர் விரியும்; பிவிசி ஏறத்தாழ 2 மில்லிமீட்டர் விரியும்; பாலிஎத்திலீன் 4 மில்லிமீட்டரையும் தாண்டும். நான் அதைக் கொதிக்கும் மதியத்தில் ஒட்டியிருந்தேன். குழாய் இரவில் சுருங்கியபோது, அதே அளவு சுருங்க முடியாத தாள் மடிந்தது. பியூட்டைல் டேப்பில் கனமான மென்மையான அடுக்கு நடுவில் இருந்து இந்த இழுபறியைத் தாங்கிக்கொள்கிறது. மெல்லிய டேப்பைப் பயன்படுத்தியே ஆகவேண்டுமானால், குழாயைச் சுற்றி வளையமாக, குறுந்துண்டுகளாக, ஒன்றன் மேல் ஒன்று சிறிது ஏறும்படி, வெயில் தாழ்ந்த பிறகு ஒட்டுவதே நிலைக்கிறது.

பாலிகார்பனேட் ஷீட்டைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிளாஸ்டிக்கின் மேல் அலுமினிய டேப் ஒட்டுவது முறைப்படியான வேலையாகவே இருக்கும் இடம் அது. கார் நிறுத்துமிடத்துக்கு நாங்கள் போட்டது உள்ளே நீளக் குழல்கள் உள்ள இரட்டைச் சுவர் ஷீட். சாய்வின் மேல் விளிம்பில் குழல்களின் வாயை முழு அலுமினிய டேப்பால் மூட வேண்டும். கீழ் விளிம்பில் தூசியையும் பூச்சியையும் தடுத்து ஈரத்தை மட்டும் வெளியேவிடும் நுண்துளை டேப்பை ஒட்ட வேண்டும். 2021இல் வேலை செய்தவர் இரண்டு பக்கமும் முழு டேப்பையே ஒட்டிவிட்டார், நானும் அறியாமல் ஒப்புக்கொண்டேன். ஓராண்டுக்குள் குழல்களின் உள்ளே நீர் வியர்த்துத் தேங்கி, கீழ்ப்பகுதியில் பச்சைப் பாசி கோடு கோடாகப் படிந்தது. பிறகு கீழ் டேப்பை உரித்து, உள்ளே காற்றடித்துக் காயவைத்து, நுண்துளை டேப்பை ஒட்டினோம். பாசியின் கறை முழுவதும் போகவில்லை. புதிதாகப் படியவும் இல்லை. அப்போது பழைய பசையை எடுக்கத் தின்னரைத் தொட வேண்டாம் என்று நான் தடுத்தது நல்லதாயிற்று. தின்னர், அசிட்டோன், பெட்ரோல் போன்றவை பாலிகார்பனேட்டை வெளுக்கவும் விரிசல்விடவும் செய்யும். தேங்காய் எண்ணெயை ஊறவிட்டுத் துணியால் உருட்டி எடுத்து, கடைசியில் சோப்பு நீரால் கழுவினோம்.

கடற்கரைக்கு அருகில் வசிப்பவர்கள் அலுமினியம் துருப்பிடிக்காது என்ற சொல்லை அப்படியே நம்ப வேண்டாம். அலுமினியத்தைக் காப்பது அதன் மேல் தானே உருவாகும் ஆக்சைடு படலம்; உப்புக் காற்றிலுள்ள குளோரைடு அந்தப் படலத்தை அங்கங்கே துளைக்கிறது. மாடியில் ஒட்டிய மெல்லிய பட்டைகளில் மூன்றாம் ஆண்டில் வெண்பொடி பூத்த புள்ளிகளும், சூரியனுக்கு எதிரே பிடித்தால் ஊசிமுனை அளவு ஒளியும் தெரிந்தன. ஈரச் சிமென்டும் சுண்ணாம்பும் காரத்தன்மையால் தாளை இன்னும் விரைவாக அரிக்கின்றன. சுவர்ப்பூச்சு வேலை நடந்தபோது சாரல் தெறித்த பட்டை ஒரு மழைக்காலத்தையும் தாங்கவில்லை.

மென்மையான தோட்டக் குழாயில் ஒட்டவே வேண்டாம். அந்த மென்மைக்காகச் சேர்க்கும் நெகிழ்வூட்டி மெல்லக் கசிந்து பசையைக் கூழாக்கிவிடுகிறது. சில மாதங்களில் டேப் வழுக்கி நகர்ந்து, தொட்ட கையெல்லாம் ஒட்டும். மின்கம்பி செல்லும் பிளாஸ்டிக் குழாயோ சுவிட்சுப் பெட்டியோ உடைந்திருந்தால், அங்கே அலுமினிய டேப்பைக் கையிலேயே எடுக்கக் கூடாது. அது மின்சாரத்தைக் கடத்தும் உலோகம். உள்ளே காப்புறை உரிந்த கம்பி ஒன்று அதைத் தொட்டால், அடுத்துத் தொடும் மனிதருக்கு என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். பிளாஸ்டிக் என்பதால் பாதுகாப்பு என்று நினைத்து இதைச் செய்துவிடுகிறார்கள். நானே ஒரு வீட்டில் பார்த்து, உடனே மெயினை அணைக்கச் சொல்லி எடுக்க வைத்தேன்.

இப்போது என் கருவிப்பெட்டியில் இரண்டு சுருள்கள் இருக்கின்றன: சிம்னி போன்ற வெயில்படாத, சூடான இடங்களுக்கு அக்ரிலிக் பசையுள்ள மெல்லிய டேப், மாடிக்குப் பியூட்டைல் டேப். பியூட்டைல் டேப் விலை அதிகம், கனமானது, ஒருமுறை தப்பாக ஒட்டினால் உரித்து மீண்டும் ஒட்ட முடியாது. வடிகுழாயில் ஒட்டிய பட்டையை ஒவ்வோர் ஆண்டும் செப்டம்பரில் பார்த்துவிடுகிறேன். இந்த முறை சுவர்ப்பக்க விளிம்பு அரை சென்டிமீட்டர் எழும்பியிருந்தது. எழும்பிய பகுதியை மட்டும் வெட்டியெடுத்து, துடைத்து, அதன் மேல் ஒரு கையகலத் துண்டை ஒட்டி அழுத்தியிருக்கிறேன்.