டிஸ்க்கைக் கழற்றி மாட்டினேன். முப்பது விநாடி தாமதமாக ஓடியது

போன வாரம் தம்பி ஒருவன் போன் செய்தான். “அண்ணே, புது மிஷின் வாங்கியாச்சு. பழைய லேப்டாப்ல இருக்கிற எஸ்எஸ்டி டிஸ்க்க அப்படியே கழட்டி மாட்டினா லினக்ஸ் ஓடுமா?” ஓடும் என்று சொல்ல வாய் திறந்தேன், சட்டென்று வரவில்லை. காரணம் அந்த முப்பது விநாடி.

என்னுடையது 2017இல் இன்டெல் லேப்டாப்பில் நிறுவிய டெபியன் 9, லினக்ஸ் வகைகளில் ஒன்று. அதையே 10, 11 என்று ஏற்றிக்கொண்டு வந்தேன். 2022இல் லேப்டாப்பின் கீல் உடைந்தது. ஏஎம்டியின் ரைசன் 5 3400ஜி சிப் போட்ட மேசைக் கணினி வாங்கி, எஸ்எஸ்டியை அதில் மாட்டினேன்.

முதலில் பூட் ஆகவே இல்லை. யூஇஎஃப்ஐ என்ற, கணினியைத் தொடங்கிவைக்கும் மென்பொருளில் பூட் பதிவு இருப்பது மதர்போர்டின் நினைவகத்தில். டிஸ்க்கோடு அது வராது. லைவ் பென்டிரைவ் வழியாகப் பழைய நிறுவலுக்குள் நுழைந்து லினக்ஸைத் தொடங்கிவைக்கும் கிரப்பை மறுபடி பதிந்ததும் சரியானது. அடுத்து கறுப்புத் திரை. ஏஎம்டி கிராஃபிக்ஸுக்கான ஃபர்ம்வேர், அதாவது அந்தச் சிப்புக்குள் ஏற்ற வேண்டிய மென்பொருள், தனிப் பொதி. இன்டெல் லேப்டாப்பில் அதற்கு வேலை இல்லாததால் நான் போட்டிருக்கவில்லை. கிராஃபிக்ஸ் டிரைவரைத் தவிர்க்கச் சொல்லும் நோமோட்செட் கொடுத்து உள்ளே போனால் நெட் இல்லை, ஏனென்றால் அமைப்புக் கோப்பில் இருந்தது பழைய ஈதர்நெட்டின் பெயர். போனை யூஎஸ்பியில் செருகி, அதன் நெட்டில் அந்த ஃபர்ம்வேரை இறக்கினேன்.

அப்புறம் வந்ததுதான் அதிசயம். அதே மேசைத்திரை, அதே தமிழ்99 விசைப்பலகை, பாதியில் விட்ட கட்டுரை. லினக்ஸின் மையப் பகுதியான கர்னல் ஒவ்வொரு முறையும் எதிரே என்ன வன்பொருள் இருக்கிறது என்று புதிதாகத் தேடி, அதற்கான டிரைவரை ஏற்றிக்கொள்கிறது. மதர்போர்டு மாறியதைப் பற்றி அதற்குக் கவலையே இல்லை. விண்டோஸ் எக்ஸ்பி காலத்தில் இப்படி மாட்டி 0எக்ஸ்7பி என்ற பிழையோடு நீலத்திரையை வாங்கிக்கொண்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இனி அந்த முப்பது விநாடி எரிச்சல். லேப்டாப்பில் ஸ்வாப், அதாவது ரேம் போதாதபோது பயன்படும் டிஸ்க் பகுதி, இருந்தது இன்னொரு ஹார்டு டிஸ்க்கில். அது வரவில்லை. கணினி ஒவ்வொரு முறையும் அதைத் தேடி 90 விநாடி உட்கார்ந்திருந்தது. எந்தெந்த டிஸ்க்கை மாட்ட வேண்டும் என்று சொல்லும் எஃப்எஸ்டேப் கோப்பில் அந்த வரியை நீக்கினேன், 90 போனது. ஆனாலும் முப்பது விநாடி மிச்சம். ஏதோ ஒன்றுக்காகக் காத்திருந்து கைவிட்டதாக ஆங்கிலத்தில் ஒரு வரி வரும், பிறகு லாகின் வரும். புது போர்டின் குணம் போல என்று மூன்று வருடம் டீ போடப் போய்விட்டேன். நாளுக்கு ஒரு பூட் என்றாலும் ஒன்பது மணி நேரத் தண்டம்!

இரண்டு மாதம் முன்பு கர்னல் அப்டேட் ஓடுகையில்தான் அதில் வரும் ஓர் எச்சரிக்கையை முழுதாகப் படித்தேன்: உறக்கத்திலிருந்து மீள இன்ன யூயூஐடி (டிஸ்க் பகுதியின் அடையாள எண்) என்று குறித்திருக்கிறது, ஆனால் பொருந்தும் ஸ்வாப் எதுவும் இல்லை. ஒவ்வொரு அப்டேட்டிலும் பாவம் அது சொல்லிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. ரெஸ்யூம் என்ற குட்டிக் கோப்பில் அந்தப் பழைய ஸ்வாப்பைச் சொல்லும் ஒரே வரி. ‘நன்’ (எதுவும் இல்லை) என்று மாற்றி, பூட்டின் தொடக்கத்தில் ஏறும் இனிட்ராம்எஃப்எஸ் கோப்பைப் புதுப்பித்தேன். அடுத்த பூட்டில் டீ போட நேரமில்லை.

குற்றம் என்னுடையதுதான். ஆனாலும் இல்லாத டிஸ்க்குக்காக ஆயிரம் தடவை காத்திருந்த ஒன்று, ஒரு தடவையாவது “இதை விட்டுவிடட்டுமா?” என்று கேட்டிருக்கலாம். கோபம் இன்னும் ஆறவில்லை.

தம்பிக்கு, “ஹோம் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணிக்கோ, மிச்சத்தைப் புதுசா நிறுவு” என்று எழுதிவிட்டேன். எனக்கு அடுத்து டெபியன் 13க்கு ஏற வேண்டும். ஏறப்போவது அதே 2017 நிறுவலில்தான். மேசைக் கணினியில் லேப்டாப் மூடியை மூடினால் என்ன செய்ய வேண்டும் என்ற அமைப்பு இன்னும் அதில் பத்திரமாக இருக்கிறது.