அமெரிக்கப் பூங்கா ஆண்டு பாஸ்: வாங்கலாமா?

அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களுக்கான 'அமெரிக்கா தி பியூட்டிஃபுல்' ஆண்டு நுழைவு பாஸ் அங்கே வசிப்பவர்களுக்கு 80 டாலர். 2026 முதல் வெளிநாட்டவருக்கு 250. யெல்லோஸ்டோன், ஜயான், கிராண்ட் கேன்யன் ஆகிய மூன்று பூங்காக்களிலும் காருக்குத் தலா 35 டாலர் என்பதால், உள்ளூர்க்காரர்களுக்கு மூன்றாவது வாசலிலேயே போட்ட காசு வந்துவிடும். மாதத் தொடக்கத்தில் வாங்குங்கள்: அடுத்த ஆண்டு அதே மாதக் கடைசி நாள்வரை செல்லும், கிட்டத்தட்ட 13 மாதம். வாசலில் போட்டோ அடையாள அட்டை கேட்பார்கள். கேம்ப் கட்டணம் இதில் அடங்காது.

பலரும் ஏமாறுவது அரிசோனா பக்கம்தான். மான்யுமென்ட் வேலியும் ஆன்டலோப் கேன்யனும் நவாஹோ என்ற அமெரிக்கப் பழங்குடி மக்களின் நிலம். ஹார்ஸ்ஷூ பெண்ட் என்ற ஆற்று வளைவின் பார்க்கிங், 'பேஜ்' என்ற நகரத்துடையது. இங்கெல்லாம் பாஸை நீட்டிப் பயனில்லை. நாட்டின் கிழக்கே உள்ள கிரேட் ஸ்மோக்கி மலைப் பூங்காவிலோ நுழைவு இலவசம், ஆனால் 15 நிமிடத்துக்கு மேல் வண்டியை நிறுத்தினால் நாளுக்கு 5 டாலர் பார்க்கிங் டேக் தனி!