செகண்ட் ஹேண்ட் ஸ்டீம் டெக் வாங்கும் முன் சார்ஜிங் ஓட்டையில் டார்ச் அடியுங்கள்: புதுச்சேரி, கடலூர்க்காரர்களுக்கு ஒரு எச்சரிக்கை

கடைப் பெயரைப் போடவில்லை. விவகாரம் இன்னும் முடியவில்லை. அதோடு தண்ணீரில் நனைந்த கருவியைத் துடைத்து விற்கும் இந்த வேலையைச் செய்வது அந்த ஒரு கடை மட்டுமில்லை.

சரக்கு இது: ஸ்டீம் டெக் (கம்ப்யூட்டர் கேம்களைக் கையில் பிடித்தே ஆடும் கருவி), எல்சிடி மாடல், "512 ஜிபி, ரீஃபர்பிஷ்டு, சிங்கப்பூர் சரக்கு". வாங்கியவர் கடலூர் மஞ்சக்குப்பம், கடை புதுச்சேரியில். விலை 34,500 ரூபாய். கூடவே கேம் ஏற்றிய 1 டிபி மைக்ரோ எஸ்டி கார்டு 3,000 ரூபாய். ஜிஎஸ்டி பில் கிடையாது. ஒரு துண்டுச் சீட்டில் தொகையும் "செக்கிங் வாரன்டி 7 நாள்" என்ற வரியும் மட்டும். வாங்கும்போது, "தண்ணியெல்லாம் படலைண்ணா, பீஸ் அப்படியே புதுசு." மூன்றாவது வாரம் செத்துப்போன கருவியைத் திருப்பிக் கொண்டுபோனபோது, "பார்த்துதானே சார் வாங்கினீங்க?" அண்ணா சாராகிவிட்டார்.

பின்மூடியைத் திறந்ததும் கதை தெரிந்துவிட்டது. எல்சிடி டெக்கின் பின்மூடியில் எட்டு ஸ்க்ரூ: 9.5 மில்லிமீட்டரில் நான்கு, 5.8 மில்லிமீட்டரில் நான்கு. இதில் ஒரு நீள ஸ்க்ரூ குட்டை ஸ்க்ரூவின் குழியில் ஏறியிருந்தது. இரண்டு ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போயிருந்தது. எல்சிடி மாடலில் ஸ்க்ரூ நேராக பிளாஸ்டிக்கில்தான் கடிக்கும், உலோக மரை கிடையாது. ஒருமுறை அவசரமாக முறுக்கினாலே மரை போய்விடும். உள்ளே போர்டின் மேல் இருக்கும் தகட்டுக்கு மூன்று ஸ்க்ரூ. அதில் ஒன்று வெள்ளிநிற ஃபாயில் டேப்புக்கு அடியில் ஒளிந்திருக்கும். இந்தக் கருவியில் அந்த ஃபாயில் கிழிந்து, அதன்மேல் வேறு ஏதோ பளபளப்பான டேப்பை வெட்டி ஒட்டியிருந்தார்கள். கத்தரிக்கோல் போன கோணல் அப்படியே தெரிந்தது.

ஃபேனின் நடுக் குடத்தைச் சுற்றி ஈர்க்குச்சி நுனியால் சுரண்டி எடுக்கும் அளவுக்குக் காய்ந்த செம்மண் வண்டல். பேட்டரி லேபிளில் டீ கொட்டிக் காய்ந்த காகிதம்போல ஒரு பழுப்புக் கோடு. தகட்டைத் தூக்கினால் வெள்ளைப் பொடி, ஓரங்களில் செம்புப் பச்சை. போர்டை மேலாகத் துடைத்திருக்கிறார்கள். தகட்டின் அடியிலும் சிப்புகளின் வயிற்றிலும் கை வைக்கவே இல்லை. போர்டில் தின்னர் வாடை வேறு.

கடற்காற்றில் வந்த துரு என்று கடையில் சொல்வார்கள். நம்பாதீர்கள். கடற்காற்று ஸ்க்ரூத் தலைகளையும் வெளியே தெரியும் உலோகத்தையும் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி மங்கவைக்கும். கோடு போடாது, வண்டலும் கொண்டுவராது. கோடும் வண்டலும் சேர்ந்து இருந்தால் அது நின்ற தண்ணீர். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி பக்கம் கரை கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்தது. அடுத்த சில நாளில் தென்பெண்ணை பொங்கி கடலூர்ப் பக்கத்தையும் மூழ்கடித்தது. அப்போது நனைந்த லேப்டாப், டேப்லட், கேமிங் கருவிகள் எல்லாம் குப்பைக்குப் போய்விடவில்லை. இந்தக் கருவி எந்தத் தண்ணீரில் கிடந்தது என்று போர்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சிங்கப்பூர் ஓட்டல் அறையில் இருந்து வரவில்லை என்பது மட்டும் நிச்சயம்.

சரி, நனைந்த கருவி மூன்று வாரம் எப்படி ஓடியது? தண்ணீர் உடனே கொல்வதில்லை. அது காய்ந்தபின் தங்கும் உப்பும் வண்டலும்தான் கொல்லும். நம் ஊர் ஈரக் காற்றில் அந்த உப்பு திரும்பத் திரும்ப ஈரத்தை இழுக்கும். கரன்ட் போகும் இடத்தில் செம்பு கரைந்து பக்கத்துப் பின்னை நோக்கி நகரும். டைப்-சி போர்ட்டில் இதற்கு மிகத் தோதான இடம் ஒன்று உண்டு. ஏ4 பின்னில் சார்ஜ் வோல்டேஜ். அதை ஒட்டியே ஏ5. சார்ஜரும் கருவியும் "எத்தனை வோல்ட் வேண்டும்" என்று பேசிக்கொள்ளும் சிசி கம்பி அதுதான். மறுபக்கத்தில் பி4, பி5 அதே ஜோடி. நடுவில் உப்பு படிந்தால் முதலில் பேச்சு தடுமாறும், கருவிக்கு 5 வோல்ட் மட்டுமே கிடைக்கும், சார்ஜ் ஊர்ந்து ஏறும். ஒருநாள் பேச்சு சரியாக நடந்து 15 வோல்ட் வந்துவிட்டால், அது உப்பு வழியாக சிசி கம்பிக்குள் கசிந்து பவர் சிப்பையே தின்றுவிடும். இந்தக் கருவியில் நடந்தது இதுதான். "ஸ்லோ சார்ஜர்" எச்சரிக்கை முதல் நாளிலிருந்தே வந்துகொண்டிருந்தது. கடையில் கேட்டதற்கு "செட் ஆகும்ணா, ரெண்டு மூணு சார்ஜ் போகட்டும்" என்றார்களாம். சார்ஜிங் போர்ட் செட் ஆவதற்கு அது என்ன புதுச் செருப்பா?

இதைக் கடையில் நின்றே பிடித்துவிடலாம். சில நூறு ரூபாய்க்கு டைப்-சி பவர் மீட்டர் கிடைக்கிறது. கடைக்காரரின் சார்ஜரை நம்ப வேண்டாம், பவர் டெலிவரி (கருவியோடு பேசி வோல்டேஜை ஏற்றும் வசதி) உள்ள 45 வாட் சார்ஜரை நீங்களே எடுத்துப் போங்கள். டெக்குக்கு வருவது 15 வோல்ட், 3 ஆம்பியர். பேட்டரி பாதிக்குக் கீழே இருக்கும்போது மாட்டுங்கள், நிறைந்த பேட்டரியில் கரன்ட் தானாகவே குறைந்து உங்களைக் குழப்பும். மீட்டரில் 15 வோல்ட் வருகிறதா பாருங்கள். அடுத்து கேபிளைக் கழற்றி, கருவிப் பக்கத்து முனையைத் தலைகீழாகத் திருப்பி மாட்டுங்கள். ஒரு பக்கம் 15, மறுபக்கம் 5 அல்லது ஒன்றுமே இல்லை என்றால் ஒரு சிசி பின் போய்விட்டது. அதற்குமேல் எதையும் பார்க்க வேண்டாம், வந்துவிடுங்கள். டெக்கில் டைப்-சி போர்ட் மெயின் போர்டிலேயே சால்டர் செய்யப்பட்டது. தனிக் குட்டிப் போர்டு மாற்றும் வேலை இல்லை, ஹாட் ஏர் வைத்துப் பிடுங்கி நட வேண்டும்.

அதற்கும் முன்னால், காசு செலவில்லாமல் ஒரு வேலை. செல்போன் டார்ச்சை டைப்-சி ஓட்டைக்குள்ளும் எஸ்டி கார்டு ஓட்டைக்குள்ளும் மேலே சூடு வெளியேறும் கம்பிகளுக்குள்ளும் அடியுங்கள். நடு நாக்கில் பச்சையோ கருப்போ தெரிகிறதா? மேல் கம்பிகளுக்குள் மண் தெரிகிறதா? சாதாரணத் தூசி சாம்பல் நிறத்தில் பஞ்சாக இருக்கும், ஊதினால் ஆடும். வண்டல் ஒட்டிக்கொண்டு பழுப்பாக நிற்கும். ஒரு கேமைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஃபேன் வேகமெடுத்தபின் காற்றை முகர்ந்து பாருங்கள். பூஞ்சை வாடையைத் தின்னர் மறைத்தாலும் சூட்டில் வெளியே வந்துவிடும்.

512 ஜிபி விஷயத்துக்கு வருவோம். எல்சிடி டெக் 2022 பிப்ரவரியில் வந்தபோது மூன்று வகை: 64 ஜிபி இஎம்எம்சி (மெதுவான சேமிப்பு), 256 ஜிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி), 512 ஜிபி என்விஎம்இ. இதில் 512க்கு மட்டும்தான் எதிரொளி அடிக்காத மங்கல் கண்ணாடி. மற்ற இரண்டும் பளபளப்பு. இந்தக் கருவியில் கண்ணாடி பளபளப்பு. ஆக இது 512 ஆகப் பிறந்ததே இல்லை. எஸ்எஸ்டி மாற்றுவது தப்பில்லை, ஆர்வலர்கள் எல்லாரும் செய்வதுதான், 2230 அளவு டிரைவ், ஒரே ஸ்க்ரூ. 64 ஜிபி கருவியை 512 விலைக்கு விற்பதுதான் தப்பு. டியூப்லைட்டின் கீழே கருவியைச் சாய்த்துப் பிடியுங்கள். விளக்கு கோடாகத் தெளிவாகத் தெரிந்தால் பளபளப்பு, புகைபோலப் பரவினால் மங்கல். டெஸ்க்டாப் மோடில் (டெக்கைச் சாதாரணக் கம்ப்யூட்டர்போல ஓட்டும் முறை) பார்ட்டிஷன் மேனேஜரைத் திறந்தால் டிரைவின் பெயரும் அளவும் வரும். 512 ஜிபி டிரைவ் அங்கே 476.9 என்று காட்டும். அது மோசடி இல்லை, கணக்கு முறை வேறு. ஓஎல்இடி என்று சொல்லி எல்சிடியை நீட்டுபவர்களும் உண்டு. ஓஎல்இடி வந்தது 2023 நவம்பரில், திரை 7.4 அங்குலம், சாதாரண மாடலில் பவர் பட்டன் ஆரஞ்சு நிறம்.

பேட்டரிக்கு அவர்கள் போனில் காட்டும் "98 சதவீதம்" ஸ்கிரீன்ஷாட்டை ஒதுக்குங்கள். டெஸ்க்டாப் மோடில் இன்ஃபோ சென்டரில் எனர்ஜி பகுதியில் வடிவமைப்புக் கொள்ளளவும் இப்போதைய முழுக் கொள்ளளவும் தனித்தனியாக இருக்கும். எல்சிடிக்கு முதல் எண் 40 வாட்-அவர், ஓஎல்இடிக்கு 50. இரண்டாவதை முதலாவதால் வகுத்தால் போதும். இந்தக் கருவியில் 29.6, அதாவது 74 சதவீதம். பின்மூடி விளிம்பில் ஏதாவது ஒரு இடத்தில் இடைவெளி கூடியிருந்தால் பேட்டரி உப்பியிருக்கலாம். எல்சிடி மாடலில் பேட்டரியைப் பசை போட்டு இறுக்கி ஒட்டியிருப்பார்கள், நெம்பி எடுக்கும்போது ஓட்டை விழுந்தால் தீதான். ஸ்டிக், டிரிக்கர், டிராக்பேட் எல்லாவற்றையும் செட்டிங்ஸில் கன்ட்ரோலர் பகுதியில் இருக்கும் இன்புட் சோதனையில் பார்த்துவிடலாம், ஐந்து நிமிட வேலை.

இனி அந்த 1 டிபி கார்டு. நிஜத்தில் 32 ஜிபி. கார்டுக்குள் இருக்கும் கன்ட்ரோலரில் "நான் 1 டிபி" என்று பொய் எழுதிவிடுவார்கள். கம்ப்யூட்டரும் அதையே நம்பும், ஃபார்மட்டும் ஆகும். முதல் 32 ஜிபி வரை எல்லாம் ஓடும். அதற்குமேல் எழுதுவது ஒன்று காற்றில் போகும், இல்லையென்றால் பழையதன் மேலேயே ஏறி உட்காரும். ஆகவேதான் கடையில் நாலு கேமைத் திறந்து காட்டி "பாருங்கண்ணா" என்று சொல்ல முடிகிறது. லினக்ஸில் எஃப்3 என்ற இலவசக் கருவி உண்டு. எஃப்3ரைட் கார்டை 1 ஜிபி கோப்புகளால் நிரப்பும், எஃப்3ரீட் எல்லாவற்றையும் திரும்பப் படித்து எது கெட்டது என்று சொல்லும். 1 டிபி என்றால் விநாடிக்கு 20 எம்பி வேகத்தில் எழுதவே கிட்டத்தட்ட 14 மணி நேரம். அவசரத்துக்கு எஃப்3புரோப் சில நிமிடங்களில் உண்மை அளவைச் சொல்லிவிடும், ஆனால் கார்டில் இருப்பது அழியக்கூடும். விண்டோஸில் எச்2டெஸ்ட்டபிள்யூ இதே வேலையைச் செய்யும். கடையில் அவ்வளவு நேரம் நிற்க விடமாட்டார்கள் என்பதால் ஒரே வழி, கருவியோடு ஒட்டிவரும் கார்டுக்குத் தனியாகக் காசு கொடுக்காதீர்கள்.

ஒரு சின்ன இடைச்செருகல், பழைய கைக்கணினிப் பிரியர்களுக்கு. காந்தி வீதி ஞாயிறு சந்தையில் எப்போதாவது பாம் (Palm), சியான் (Psion) மாதிரி ஏதாவது கண்ணில் பட்டால் முதலில் பேட்டரி மூடியைத் திறங்கள். பாம் 3இல் இரண்டு டிரிபிள்-ஏ, சியான் 5இல் இரண்டு டபுள்-ஏ. ஆல்கலைன் கசிந்த வெள்ளைப் பூ ஸ்ப்ரிங்கில் மட்டும் இருந்தால் வினிகர் தொட்டுத் துடைத்துக் காப்பாற்றலாம், போர்டுக்கு ஏறியிருந்தால் விட்டுவிடுங்கள். சியான் 5இல் திரை மூடியை மெதுவாகத் திறந்து மூடும்போது திரையில் கோடுகள் வந்துபோனால் உள்ளே ரிப்பன் கேபிள் விரிசல் விட்டிருக்கிறது, அதற்குத் தகுந்தாற்போல விலை பேசுங்கள்.

ஏற்கெனவே வாங்கிவிட்டவர்கள்: சார்ஜ் போட்டுப் போட்டுப் பார்க்காதீர்கள், ஒவ்வொரு முறையும் அரிப்பு வேகமாகும். அரிசி டப்பாவில் வைப்பதால் உப்பு போகாது. எஸ்டி கார்டை வெளியே எடுத்துவிட்டுத்தான் பின்மூடியைத் திறக்க வேண்டும், மறந்தால் கார்டு இரண்டாக உடையும். திறக்கும் முன், வால்யூம் கூட்டும் பட்டனையும் பவரையும் சேர்த்து அழுத்தி பயாஸுக்குள் (கருவியின் அடிப்படை செட்டிங்ஸ் திரை) போய் பேட்டரி ஸ்டோரேஜ் மோடைப் போடுங்கள். திறந்ததும் முதல் வேலை பேட்டரி கனெக்டரைக் கழற்றுவது. பிறகு 99 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், மென்மையான பிரஷ். தகட்டைத் தூக்கிவிட்டு அடியிலும் கழுவ வேண்டும். தின்னர், பெட்ரோல் வேண்டாம், பிளாஸ்டிக் கனெக்டரைத் தின்றுவிடும்.

ஆனால் கடைமேல் புகார் கொடுக்கும் எண்ணம் இருந்தால் கழுவும் முன் நிறுத்துங்கள். வண்டல், கோடு, பச்சை எல்லாம்தான் உங்கள் சாட்சி. மூடியின் ஸ்க்ரூவில் தொடங்கி வெட்டாமல் ஒரே வீடியோவாக எடுத்து வையுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் கொடுக்காததே முறையற்ற வணிக நடவடிக்கை. பில்லில் காலக்கெடு எதுவும் சொல்லாதபோது, குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்பப் பெற மறுப்பதும் அதே கணக்குதான். முதலில் 1915, தேசிய நுகர்வோர் உதவி எண். அசையவில்லையென்றால் நுகர்வோர் வழக்குகளுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கு மனு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். கடை புதுச்சேரியில் இருந்தாலும் நீங்கள் இருக்கும் ஊரிலேயே போடலாம், கடலூர்க்காரர் கடலூரிலேயே. ஜிபே, போன்பே வழியாகக் கொடுத்திருந்தால் அந்தப் பதிவே பாதி பில். நம் ஆள் 20,000 ரூபாயை ரொக்கமாகக் கொடுத்திருக்கிறார். அந்தத் தொகைக்கு அந்தத் துண்டுச் சீட்டு மட்டும்தான் இப்போது கையில் இருக்கிறது. அதையும் லேமினேட் செய்துவிட்டார். உங்களுடையதை அப்படிச் செய்யாதீர்கள், தெர்மல் காகிதம் என்றால் லேமினேஷன் சூட்டில் முழுக்கக் கருத்துப்போகும். போட்டோ எடுத்து வைத்தால் போதும்.

சிம் போடும் டேப்லட், போன் வாங்குபவர்கள் இன்னொன்றும் பாருங்கள். நட்சத்திரம், ஹேஷ், 06, ஹேஷ் அழுத்தி ஐஎம்இஐ எண்ணை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) எடுத்து அரசின் சஞ்சார் சாத்தி தளத்தில் சோதியுங்கள், திருட்டு என்று புகார் கொடுத்து முடக்கிய சரக்கு என்றால் தெரிந்துவிடும். டெக்குக்கு ஐஎம்இஐ கிடையாது, அந்த வழி இல்லை.

அந்தக் கடையின் கண்ணாடி அலமாரியில் இன்னும் மூன்று டெக் இருக்கின்றன, மூன்றிலும் "ரீஃபர்பிஷ்டு" ஸ்டிக்கர். ஒன்றின் பின்பக்கத்தில் இடது கீழ் மூலையில் ஸ்க்ரூவே இல்லை.