மெமரி ஃபோம் என்று சொல்லி வைத்தது கழிவு ஸ்பாஞ்ச்: கார் சீட்டை வேலைக்குக் கொடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

கார் சீட் சரியில்லை, இடுப்பு வலிக்கிறது, குஷன் மாற்றிவிடலாம் என்று யோசிப்பவர்கள் கடைக்குக் கிளம்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். உங்கள் முன்சீட்டு முதுகுப் பகுதியின் ஓரத்தில், கதவுப் பக்கமாக, 'ஏர்பேக்' என்று எழுதிய சின்னத் துணிப்பட்டை தைத்திருந்தால் கட்டாயம் படியுங்கள். என் காரில் அந்தப் பட்டையை வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தின்மேல் இரட்டைத் தையல் போட்டுக் கொடுத்தார்கள். அதற்கு 19,500 ரூபாயும் வாங்கிக்கொண்டார்கள்.

என்னுடையது ஆறு வருடம் ஓடிய ஹேட்ச்பேக், டாப் வேரியன்ட். சொந்த ஊர் திருச்சிப் பக்கம் என்பதால் சென்னையிலிருந்து அடிக்கடி நெடுஞ்சாலையைப் பிடிக்க வேண்டியிருக்கும். கொஞ்ச நாளாக டிரைவர் சீட்டில் உட்கார்ந்தாலே வலது பக்கம் லேசாகச் சரிந்த மாதிரி இருந்தது. ஊருக்குள் ஓட்டும்போது தெரியாது. திண்டிவனம் தாண்டினால் இடுப்பில் பிடிக்கும், உளுந்தூர்பேட்டை டோல்கேட் வரும்போது தொடை மரத்துப்போகும். சீட்டை முன்னே தள்ளி, பின்னே தள்ளி, சாய்மானத்தை மாற்றி எல்லாம் பார்த்தாகிவிட்டது. பெட்ரோல் பங்க் வாசலில் விற்கும் மணி கோத்த விரிப்பைக்கூட வாங்கிப் போட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

சென்னையில் இந்த வேலை என்றால் எல்லோரும் ஜி.பி. ரோட்டைத்தான் சொல்வார்கள். நான் போனது அங்கே இல்லை. வீட்டுக்குப் பக்கத்தில் கண்ணாடி போட்ட பெரிய கடை, ஏசி ஷோரூம், உள்ளே நாலைந்து கார்கள் எப்போதும் நிற்கும். ஓனர் நன்றாகப் பேசினார். என்னை என் சீட்டிலேயே உட்கார வைத்துப் பார்த்துவிட்டு, "கம்பெனி ஃபோம் செத்துப்போச்சு சார். ஆறு வருஷம்னா அவ்வளவுதான். மெமரி ஃபோம் போட்டுக் குடுக்கறேன், மேல நப்பா லெதர். ஒரு பத்து வருஷத்துக்கு இந்தப் பக்கமே வரமாட்டீங்க" என்றார். மேசைமேல் ஒரு துண்டு ஃபோம் வைத்திருந்தார். "அழுத்திப் பாருங்க." அழுத்தினேன். கை வைத்த தடம் அப்படியே இருந்து, மெதுவாக மேலே எழும்பியது. மெமரி ஃபோம் அப்படித்தான் எழும்பும். அந்தச் சாம்பிள் அசல், அதில் சந்தேகமே இல்லை.

நப்பா என்றால் என்ன என்று கேட்டதற்கு, "லெதர்லயே டாப் சார்" என்று பதில் வந்தது. நப்பா என்பது ஆட்டுத் தோலிலோ கன்றுத் தோலிலோ செய்யும் மெல்லிய அசல் தோல். கடைகளில் அந்தப் பெயரில் பெரும்பாலும் ஓடுவது துணியின்மேல் பிளாஸ்டிக் பூசிய ரெக்சின்தான். ரெக்சின் போடுவதில் தப்பே இல்லை, நம் ஊர் வெயிலுக்கும் வியர்வைக்கும் துடைக்கச் சுலபம். தோல் என்று சொல்லித் தோல் விலை வாங்குவதுதான் அநியாயம்.

காரை விட்டுவிட்டு மறுநாள் மாலை வரச் சொன்னார்கள். போய்ப் பார்த்தால் கார் கல்யாண மாப்பிள்ளை மாதிரி நின்றது. கறுப்பும் பழுப்புமாகப் புது சீட், வைரத் தையல், பளபளப்பு. பில் கேட்டேன். ஒரு துண்டுச் சீட்டில் 'சீட் ஒர்க் - முன்பக்கம் 2' என்று எழுதி, மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்தார்கள். ஃபோம் என்ன வகை, எத்தனை டென்சிட்டி, மேல்துணி என்ன, ஒரு விவரமும் இல்லை. கேட்டதற்கு, "கம்ப்யூட்டர் ரிப்பேர் சார், வாட்ஸ்அப்ல அனுப்பிடறேன்." அந்த பில் கடைசிவரை வரவே இல்லை.

அடுத்த ஊர்ப் பயணத்தில் குட்டு வெளிப்பட்டது. சீட் இரண்டு அங்குலம் உயர்ந்துவிட்டதால் தலை கூரையை உரசுகிற மாதிரி இருந்தது. உட்காரும் உயரம் ஏறியதில் ஹெட்ரெஸ்ட் கழுத்துக்கு வந்துவிட்டது. அதன் மேல்முனை உச்சந்தலை மட்டத்தில், குறைந்தது காதின் மேல்நுனிக்காவது இருக்க வேண்டும், இல்லையென்றால் பின்னாலிருந்து ஒரு வண்டி இடித்தால் கழுத்து மடங்கும். முதுகுப் பக்கமும் தடித்துப்போய் நெஞ்சை ஸ்டீயரிங் பக்கம் தள்ளியது. ஸ்டீயரிங்கின் நடுப்பகுதிக்கும் நெஞ்சுக்கும் 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது ஏர்பேக் உள்ள கார்களுக்கான பொது விதி. சீட்டைப் பின்னுக்குத் தள்ளினால் கால் கிளட்ச்சை முழுதாக மிதிக்கவில்லை. இத்தனைக்கும் வலி போனதா என்றால், அதுவும் இல்லை. வலது பக்கச் சரிவு அப்படியே இருந்தது. புது ஃபோமோ பலகை மாதிரி கிடந்தது.

டாஷ்போர்டில் ஏர்பேக் லைட்டும் எரிய ஆரம்பித்தது. சிவப்பில், உட்கார்ந்த ஆளுக்கு முன்னால் பலூன் வைத்த அந்தப் படம். கடைக்கு போன் போட்டேன். ஓனர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "லைட்டு எரிஞ்சா என்ன சார், வண்டி ஓடுதுல்ல? கொண்டு வாங்க, அந்த பல்பையே கட் பண்ணி விட்டுடலாம்."

கடைக்குப் போகாமல் நேராகக் கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கே சீட்டைக் கழற்றிய டெக்னீஷியன் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டு ஒவ்வொன்றாகக் காட்டினார். நான் எல்லாவற்றையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

முதலில் ஃபோம். மேலே அரை அங்குலத்துக்குச் சாதாரண மஞ்சள் ஸ்பாஞ்ச். அதற்குக் கீழே முழுவதும் ரீபாண்டட்: மெத்தைக் கடைகளில் வெட்டி மிஞ்சும் ஸ்பாஞ்சுகளை அரைத்து, பசை போட்டு அழுத்திச் செய்யும் பல நிறப் பாளம். அது கனமாக இருக்கும், டென்சிட்டி எண்ணும் பெரிதாக வரும். அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். டென்சிட்டி என்பது ஒரு கன மீட்டருக்கு எத்தனை கிலோ என்ற கணக்கு, அவ்வளவுதான். அது மென்மையையும் சொல்லாது, சொகுசையும் சொல்லாது. மெமரி ஃபோம் மருந்துக்குக்கூட இல்லை. ஒரு வகையில் அதுவும் நல்லதுதான் என்று டெக்னீஷியன் சிரித்தார். மெமரி ஃபோம் சூட்டில் இளகும், குளிரில் இறுகும். மே மாத வெயிலில் நின்ற காரில் உட்கார்ந்தால் அமுங்கும், ஏசி ஏற ஏறக் கெட்டியாகும்.

என்னிடமிருந்து போன ஒரிஜினல் குஷன் வேறு ஜாதி. அதை ஷீட்டிலிருந்து வெட்டுவதில்லை. சீட்டின் வடிவத்துக்கே அச்சு செய்து, அதில் ஊற்றி வார்க்கிறார்கள். உட்காரும் நடுப்பகுதி ஒரு பதம், தொடையைப் பிடிக்கும் ஓரங்கள் இன்னும் கொஞ்சம் கெட்டி, உள்ளே கம்பி பதித்திருக்கும். மேல்துணியை அந்தக் கம்பியோடு சேர்த்து வளையம் போட்டு இழுத்துக் கட்டுவதால்தான் சீட்டுக்கு அந்தக் குழிவு நிற்கிறது. கத்தியால் பாளத்தை அறுத்து ஒட்டி அந்த வடிவத்தைக் கொண்டுவர முடியாது.

அப்புறம் காட்டியதுதான் வயிற்றைக் கலக்கியது. என் காரில் பக்கவாட்டு ஏர்பேக் சீட்டின் முதுகு ஓரத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்திலிருந்து இடி விழுந்தால் 10 முதல் 20 மில்லி விநாடிக்குள் அது விரிந்தாக வேண்டும், ஏனென்றால் அந்தப் பக்கம் கதவுத் தகடு ஒன்றைத் தவிர நமக்குப் பாதுகாப்பு கிடையாது. அதற்காகவே கம்பெனி கவரில் அந்த இடத்தில் மட்டும் பலவீனமான தனித் தையல் போட்டிருப்பார்கள், பை உள்ளிருந்து தள்ளினால் சட்டென்று பிரியும்படி. என் சீட்டில் அந்தத் தையல் போன இடத்தில் தடித்த ரெக்சின், உள்ளே ஃபோம், மேலே நைலான் நூலில் இரட்டைத் தையல். "இது விரிஞ்சா எந்தப் பக்கம் கிழியும்னு சொல்ல முடியாது சார். கிழியாமலே கூடப் போகலாம்" என்றார்.

லைட் எரிந்ததற்குக் காரணம் சீட்டுக்கு அடியில் இருக்கும் மஞ்சள் கனெக்டர். ஏர்பேக் ஒயர்களுக்குப் பெரும்பாலும் மஞ்சள் நிறம்தான், தெரிந்தவர்கள் அதைக் கண்டாலே கையை எடுத்துவிடுவார்கள். பேட்டரி நெகட்டிவைக் கழற்றிச் சில நிமிடம் காத்திருந்த பிறகே அதைத் தொட வேண்டும். கடைப் பையன் நேராகப் பிடுங்கி, அரைகுறையாகச் செருகி விட்டிருந்தான். அந்த லைட் எரியும்வரை விபத்தில் எந்த ஏர்பேக் விரியும், எது விரியாது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. பக்கத்து சீட்டிலும் கைவரிசை இருந்தது. ஆள் உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்க்கும் சென்சார் பாயை இரண்டு அங்குல ஃபோமுக்குக் கீழே புதைத்திருந்தார்கள். என் மனைவி பெல்ட் போடாமல் உட்கார்ந்தாலும் காருக்குத் தெரியாது, கத்தாது. 2019 ஜூலையிலிருந்து விற்கும் கார்களில் முன்சீட் இரண்டுக்கும் கட்டாயமாக்கிய எச்சரிக்கை மணியைத்தான் இப்படி ஊமையாக்கி வைத்திருக்கிறார்கள்.

எல்லாவற்றுக்கும் மேல் என் வயிற்றெரிச்சல் வேறு ஒன்று. சீட்டின் இரும்புச் சட்டத்துக்குக் குறுக்கே குஷனைத் தாங்க வளைந்து வளைந்து போகும் ஸ்பிரிங் கம்பிகள் இருக்கின்றன. அதில் வலது ஓரத்துக் கம்பி ஒன்றின் கிளிப் உடைந்து, கம்பி தொங்கிக்கொண்டிருந்தது. வலது பக்கச் சரிவுக்குக் காரணம் அதுதான். ஃபோம் சாகவில்லை, ஒன்றும் சாகவில்லை. கடையில் சீட்டைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துத்தான் வேலை செய்திருக்கிறார்கள். கண்ணுக்கு நேரே தொங்கிய கம்பியைப் பார்க்காமல் இருக்க வாய்ப்பே இல்லை. அதை மாட்டிவிட்டால் 19,500 ரூபாய்க்கு வழியில்லையே! அப்படியே விட்டுவிட்டு மேலே பாளத்தை வைத்து மூடியிருக்கிறார்கள். சர்வீஸ் சென்டரில் கிளிப்பும் கூலியும் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை.

படங்களோடு கடைக்குப் போனேன். "எங்க பழைய ஃபோமையும் கவரையும் குடுங்க, நீங்க போட்டதை எடுத்துக்கங்க, பணத்தைத் திருப்பிக் குடுங்க" என்றேன். "பழசு ஸ்க்ராப்புக்குப் போயாச்சு சார். அதை யாராச்சும் வச்சிருப்பாங்களா?" என்றார். எடுத்துப்போக நான் அனுமதி கொடுத்தேனா என்று கேட்டதற்கு, "எல்லாரும் விட்டுட்டுத்தான் போவாங்க" என்று பதில். அப்புறம் சுவரில் ஒட்டியிருந்த அட்டையைக் காட்டினார்: விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது.

அந்த அட்டையைப் பார்த்துப் பின்வாங்க வேண்டாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப எடுக்காமல், குறையுள்ள சேவைக்கு வாங்கிய பணத்தைத் திருப்பாமல் மறுப்பது நியாயமற்ற வணிக நடைமுறை. பில்லில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால் 30 நாள் கணக்கு. பில் தராமல் இருப்பதும் அதே பட்டியலில் வருகிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே புகார் பதியலாம். நான் பதிந்தேன். அதற்குப் பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது. "எதுக்கு சார் பெருசு பண்றீங்க, 5,000 தர்றேன், முடிச்சுக்கலாம்" என்றார். முடிக்கவில்லை. வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டிருக்கிறேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை, நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே போடலாம், சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட்டால் போதும். துண்டுச் சீட்டு, யுபிஐ ரசீது, வாட்ஸ்அப் பேச்சு, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த ஜாப் கார்டு எல்லாம் இணைத்திருக்கிறேன். ஜாப் கார்டில் 'ஏர்பேக் தையல் மூடப்பட்டுள்ளது' என்று எழுதி வாங்க நான் கொஞ்சம் கெஞ்ச வேண்டியிருந்தது. ஆனால் எழுத்தில் இருப்பது அது ஒன்றுதான்.

சீட் வேலை செய்பவர்கள் எல்லோரும் திருடர்கள் என்று சொல்ல வரவில்லை. வழக்குக்காக விசாரித்தபோது ராயப்பேட்டையில் வயதான டெய்லர் ஒருவரிடம் பேசினேன். அவர் முதலில் கேட்டதே, "ஸ்பிரிங்கைப் பார்த்தாங்களா தம்பி?" கம்பெனி குஷனைத் தூக்கிப் போடவே மாட்டாராம். அமுங்கியிருந்தால் அடியில் மெல்லிய ஷீட் வைத்து மட்டம் எடுப்பார், ஏர்பேக் சீட் என்றால் முதுகுக் கவரைத் தொடமாட்டார். ரொம்பக் கெட்டுப்போயிருந்தால் அந்த மாடலுக்கான குஷன் பேட் கம்பெனி ஸ்பேர் கவுண்டரிலேயே கிடைக்கும், அதை வாங்கி வரச் சொல்வாராம். நானும் இப்போது அதைத்தான் ஆர்டர் செய்து காத்திருக்கிறேன். இரண்டு சீட்டுக்கும் குஷன், கவர், முதுகுப் பேட் சேர்த்துக் கேட்ட விலையை இங்கே எழுத மனசு வரவில்லை. வழக்கில் கேட்டிருக்கும் தொகையில் அதையும் சேர்த்திருக்கிறேன்.

நீங்கள் கொடுக்கப் போவதாக இருந்தால், சீட்டைக் கழற்றும்போது கூடவே நில்லுங்கள். அடிப்பக்கத்தை உங்களுக்குக் காட்டச் சொல்லுங்கள். சாம்பிளில் ஒரு துண்டு வெட்டி வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், மூடித் தைக்கும் முன் உள்ளே போவது அதுதானா என்று கையால் அழுத்திப் பாருங்கள். கழற்றிய குஷனும் கவரும் டிக்கியில் ஏறிய பிறகு மீதிப் பணம் கொடுங்கள். இதில் ஏதாவது ஒன்றுக்கு, "அதெல்லாம் எங்க கடைல பழக்கமில்ல சார்" என்று பதில் வந்தால் சாவியை வாங்கிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.