அட்வான்ஸைக் கட்டி, கொம்பியூட்டரையும் கடையில் விட்டுவிட்டு வராதீர்கள்

2025 நவம்பர் 8ஆம் திகதி, சனிக்கிழமை, பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் 90,000 ரூபா அட்வான்ஸ் கட்டினேன். "புதன்கிழமை வந்து எடுங்கோ அக்கா" என்றார்கள். கொம்பியூட்டர் என் கைக்கு வந்தது டிசம்பர் 30ஆம் திகதி. 52 நாள். வந்த பிறகு திறந்து பார்த்தால், நான் காசு கொடுத்த சாமான் பாதிதான் உள்ளே இருந்தது. பழைய கொம்பியூட்டரைப் புதுப்பிக்க இப்போது நிறையப் பேர் கடை கடையாக ஏறி இறங்குகிறீர்கள் என்று தெரியும். அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

வெள்ளவத்தையில் வீட்டிலிருந்தபடி பக்க வடிவமைப்புச் செய்கிறேன். கோவில் மலர், பள்ளிக்கூடச் சஞ்சிகை, கவிதைத் தொகுப்பு, நினைவு மலர் எல்லாம் இந்த ஒரு கொம்பியூட்டரில்தான். 2014இல் வாங்கியது. நாலாம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம். மாற்ற வேண்டும் என்று 2020இலேயே நினைத்தேன். அப்போது இறக்குமதிக் கட்டுப்பாடு வந்தது. 2022இல் டொலர் 200 ரூபாவிலிருந்து இரண்டே மாதத்தில் 360ஐத் தாண்டியது, அந்த விலையில் ஒன்றையும் தொட முடியவில்லை. அப்படியே தள்ளிப் போய், 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியோடு விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 போட இன்டெலில் எட்டாம் தலைமுறையாவது வேண்டும், டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். என்னுடையதில் இரண்டும் இல்லை. அதன் பழைய டிடிஆர்3 வகை ரேம் புது மதர்போர்டில் ஏறாது என்பதால் போர்ட், புரொசஸர், ரேம் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருந்தது.

விண்டோஸ் 10க்குப் பதிவு செய்துகொண்டால் 2026 ஒக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. தெரிந்திருந்தால் இந்த அவசரமே பட்டிருக்க மாட்டேன். அந்தத் திகதி வரை உங்களுக்கும் அவசரம் இல்லை. ஆறுதலாக விசாரித்து வாங்குங்கள்.

அந்தக் கடை, கொம்பியூட்டர் கடைகள் நிறைந்த யூனிட்டி பிளாசாவுக்குள் இருக்கிற கடை இல்லை. அங்கே நல்லபடி வியாபாரம் செய்கிறவர்களிடம் நான் முன்பு வாங்கியிருக்கிறேன். இது வெளியே இருக்கிற கடை. தெரிந்தவர் ஒருவர் சொன்னதை நம்பிப் போனேன். ரைசன் 5 5600ஜி புரொசஸர், பி550 போர்ட், 8 ஜிபி ரேம் இரண்டு, 500 ஜிபி என்விஎம்ஈ எஸ்எஸ்டி (வேகமான புதுவகை டிஸ்க்) என்று பேசி, மொத்தம் 132,000. பழைய போர்டையும் ரேமையும் தாங்கள் எடுத்துக்கொள்வதாகச் சொல்லி 10,000 கழித்தார்கள். அட்வான்ஸ் போக மிச்சம் 32,000.

பிழை விட்ட இடம் இதுதான். அவர்கள் தந்த துண்டில் "கொம்பியூட்டர் அப்கிரேட், அட்வான்ஸ் 90,000" என்று மட்டுமே இருந்தது. மொடல் இல்லை, ரேம் எத்தனை என்று இல்லை, எப்போது தருவார்கள் என்று இல்லை. "எல்லாம் எங்கட புத்தகத்தில இருக்கு அக்கா" என்றார் முதலாளி. சரி என்று மடித்துக் கைப்பைக்குள் வைத்தேன். அதைவிடப் பெரிய பிழை, "கேசிங்கை விட்டிட்டுப் போங்கோ, சாமான் வந்தவுடன பூட்டுவம்" என்று கேட்டபோது பதினொரு வருட வேலை இருந்த ஹார்ட் டிஸ்க்கோடு சேர்த்து விட்டுவிட்டு வந்தது. முக்கியமானவற்றின் பிரதி வெளி டிஸ்க் ஒன்றில் இருந்தது. எல்லாமே இருக்கவில்லை.

புதன்கிழமை போனேன், போர்ட் வரவில்லை. அடுத்த கிழமை போர்ட் வந்துவிட்டது, புரொசஸர் வரவில்லை. அதற்கடுத்த கிழமை பூட்டுகிற தம்பி லீவு. அப்புறம் நவம்பர் கடைசியில் டித்வா புயல். ஊரே தண்ணீருக்குள் தத்தளித்த நேரத்தில் என்னுடைய கொம்பியூட்டரைப் பற்றிக் கேட்கக் கூச்சமாக இருந்தது. பத்து நாள் நான் கடைக்குப் போன் எடுக்கவே இல்லை. பிறகு கேட்டபோது, சாமான் வைத்திருந்த களஞ்சியத்துக்குள் வெள்ளம் வந்துவிட்டது என்றார்கள். நம்பினேன். டிசம்பர் 9ஆம் திகதி நேரே போய் நின்றபோது, எனக்கு வரவில்லை என்ற அதே போர்டின் பெட்டியை ராக்கையிலிருந்து எடுத்து இன்னொருவருக்கு பில் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் முழுக் காசும் கட்டுகிறவர். என்னுடைய 90,000 ஏற்கெனவே அவர்கள் கையில் இருந்ததால் நான் காத்திருக்கலாம் என்று நினைத்துவிட்டார்கள்.

அன்றைக்குத்தான் என்னுடைய கேசிங்கையும் கண்டேன். மேசைக்குக் கீழே, பக்க மூடி கழற்றினபடி, வயர்கள் வெளியே தொங்க, இன்னும் மூன்று கேசிங்குகளோடு கிடந்தது. சரஸ்வதி பூசைக்கு நான் வைத்த சந்தனப் பொட்டு முன்பக்கத்தில் காய்ந்து இருந்தபடியால் அடையாளம் கண்டேன். குனிந்து உள்ளே பார்த்தேன். ஹார்ட் டிஸ்க் இருந்த இடம் வெறுமையாக இருந்தது.

"தம்பி, டிஸ்க் எங்கே?"

வேலை செய்த பெடியன் லாச்சியை இழுத்தான். உள்ளே பத்துப் பன்னிரண்டு டிஸ்குகள், பெயரும் இல்லை, துண்டும் ஒட்டவில்லை, ஒன்றின் மேல் ஒன்றாக. இரண்டை எடுத்து நீட்டி, "இதில ஒண்டாத்தான் இருக்கும் அக்கா, எது எண்டு பாருங்கோ" என்றான். கை கால் நடுங்கிவிட்டது. கடைக் கொம்பியூட்டரில் ஒவ்வொன்றாகப் பூட்டச் சொன்னேன். முதலாவதில் யாரோ ஒரு குடும்பத்தின் கல்யாணப் படங்கள் வந்தன. உடனே மூடச் சொன்னேன். மூன்றாவது என்னுடையது. அதை அங்கேயே கழற்றி வாங்கி, சேலைத் தலைப்பில் சுற்றிக்கொண்டு 101 பஸ்ஸில் வீட்டுக்கு வந்தேன்.

இந்த நாட்களில்தான் ஒரு நினைவு மலர் வேலையும் வந்தது. தகப்பனை இழந்த பிள்ளைகள் கொடுத்த வேலை. அந்தியேட்டிக்கு மலர் கையில் இருக்க வேண்டும், அந்த நாளை யாரும் தள்ளிப்போட முடியாது. கொட்டாஞ்சேனையில் தெரிந்த அச்சகத்தில் இரவு எட்டு மணிக்குப் பிறகு அவர்கள் கொம்பியூட்டரில் இருந்து நாலு இரவு செய்து முடித்தேன். நேரத்துக்குக் கொடுத்தேன். வேறு இரண்டு வேலைகள் கைவிட்டுப் போயின.

பிறகு ரேம் விலை ஏறிவிட்டது என்று இன்னும் 28,000 கேட்டார்கள். விலை ஏறியது உண்மை, மறுக்கவில்லை. செயற்கை நுண்ணறிவுக்கான தரவு மையங்களுக்கு நினைவகம் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். டிசம்பர் தொடக்கத்தில் மைக்ரோன் நிறுவனம் குரூஷல் என்ற பெயரில் சாதாரண ஆட்களுக்கு விற்றுவந்த ரேம் வியாபாரத்தையே விடப் போவதாக அறிவித்தது. ஆனால் நான் காசு கட்டியது நவம்பர் 8. அன்றைக்கு எனக்கென்று ஒதுக்கியிருக்க வேண்டிய சாமானுக்கு டிசம்பர் விலையை நான் ஏன் கொடுக்க வேண்டும்? சண்டை பிடித்து 12,000க்கு இறங்கினார்கள். கொம்பியூட்டர் அவர்களிடம் இருந்தது, எனக்கு வேலை கிடந்தது. கொடுத்தேன்.

30ஆம் திகதி மிச்சக் காசோடு சேர்த்து 44,000 கட்டி எடுத்து வந்தேன். அன்று இரவு மொறட்டுவையில் படிக்கிற எதிர்வீட்டுத் தம்பி வந்து பார்த்தார். டாஸ்க் மனேஜரில் நினைவகப் பக்கத்தைத் திறந்தால், 16க்குப் பதிலாக 8 ஜிபி, ஒரே ஒரு துண்டு, வேகம் 2400. பேசியது 3200. 5600ஜியில் தனிக் கிராபிக்ஸ் கார்ட் இல்லை, திரைக்கான வேலையையும் ரேமில்தான் செய்யும். ஒற்றைத் துண்டு போட்டால் அதன் பாதை பாதியாகிவிடும் என்று தம்பி விளங்கப்படுத்தினார். அடுத்தது எஸ்எஸ்டி. கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளைப் போட்டுப் பார்த்தார். ஓடிய நேரம் 9,140 மணித்தியாலம். ஒரு வருஷத்துக்கு மேல் இரவு பகலாக எங்கேயோ ஓடிய டிஸ்க்கை எனக்குப் புதிது என்று பூட்டியிருந்தார்கள். போர்டின் சீரியல் இலக்கமும் தந்த பெட்டியில் இருந்த இலக்கமும் வேறு வேறு. புரொசஸர் மட்டும் சொன்னதுதான், அதையும் சொல்ல வேண்டும்.

இந்தச் சோதனை மொத்தம் பத்து நிமிஷம். கடையிலேயே, மிச்சக் காசைக் கொடுக்க முன்பு, கொம்பியூட்டரைப் போட்டுக் காட்டச் சொல்லி நீங்களே பார்க்கலாம். மாட்டோம் என்றால் காசை எடுக்காதீர்கள்.

ஜனவரி 6ஆம் திகதி நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்குப் போனேன். கொழும்பு 2, வொக்ஸோல் வீதியில் இருக்கிறது. போன் என்றால் 1977. முறைப்பாட்டைத் தமிழிலேயே எழுதிக் கொடுத்தேன். இங்கே ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி விற்பனை நடந்து மூன்று மாதத்துக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நாளைக்கு வாங்கோ, திங்கட்கிழமை வாங்கோ என்று இழுக்கிற கடையில் அந்த மூன்று மாதம் உங்களுக்குத் தெரியாமலே கரையும். நான் அட்வான்ஸ் கட்டிய நாளிலிருந்தே எண்ணிக்கொண்டு போனேன். கேட்டால் விவரமான பற்றுச்சீட்டுத் தர வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. நான் கேட்கவே இல்லை. நீங்கள் கேளுங்கள். மொடல், அளவு, தருகிற திகதி, தராவிட்டால் காசு திரும்ப என்று நாலு வரி எழுதி ஒப்பம் வைக்கச் சொல்லுங்கள்.

முறைப்பாடு போன மூன்றாம் நாள் முதலாளியே போன் எடுத்தார். "அங்கெல்லாம் ஏன் போனீங்கள் அக்கா, எங்களிட்டச் சொல்லியிருக்கலாமே" என்றார். 52 நாளும் அவரிடம்தான் சொல்லிக்கொண்டிருந்தேன் என்றேன். சீல் உடைக்காத எஸ்எஸ்டி ஒன்றும் 3200 ரேம் இரண்டும் தந்து பழையதை எடுத்துக்கொண்டார்கள். 12,000 இன்னும் வரவில்லை. போர்டின் வொறண்டியை யார் ஏற்பது என்பதும் முடியவில்லை. அந்த இரண்டுக்காகவும் முறைப்பாட்டை வைத்திருக்கிறேன்.

அந்த லாச்சி இன்னும் மனதில் நிற்கிறது. காலி வீதிப் பக்கம் அண்மையில் கொம்பியூட்டர் திருத்தக் கொடுத்து, ஹார்ட் டிஸ்க்கைத் திரும்ப வாங்காமல் வந்தவர்கள் இருந்தால், இன்றைக்கே போய்க் கேளுங்கள். அந்தக் கல்யாணப் படங்கள் உங்களுடையவையாக இருக்கலாம்.