குதிரையா, ஹாய்-அலாயா? ஃபுளோரிடாவில் என் பந்தயப் பணம் எங்கே போகிறது

தெற்கு ஃபுளோரிடாவில், ப்ரோவர்ட் கவுண்டிக்குள்ளேயே (கவுண்டி என்றால் மாவட்டம் மாதிரி) பந்தயம் கட்ட இரண்டு பழைய இடங்கள் இருக்கின்றன. ஹாலண்டேல் பீச்சில் கல்ஃப்ஸ்ட்ரீம் பார்க் குதிரை மைதானம். அதற்குச் சில மைல் வடக்கே, டேனியா பீச்சில் 1953இல் திறந்த ஹாய்-அலாய் கூடம். இரண்டிலும் டிக்கெட் வாங்கி, தோற்று, கிழித்துப் போட்டாயிற்று. இப்போது என் பணம் குதிரைக்குத்தான் போகிறது. பார்க்க எது நன்றாக இருக்கும் என்று கேட்டால் யோசிக்காமல் ஹாய்-அலாய் என்பேன். கட்ட எது என்றால் குதிரை. இரண்டு பதிலும் இப்படி முரண்டு பிடிப்பதற்குக் காரணம் மாநில அரசும் வாஷிங்டனும் எழுதி வைத்திருக்கும் விதிகள்.

ஹாய்-அலாய் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: ஸ்பெயின், பிரான்ஸ் எல்லையில் உள்ள பாஸ்க் நாட்டு ஆட்டம். வளைந்த பிரம்புக் கூடையைக் கையில் கட்டிக்கொண்டு, ஆட்டுத்தோல் போர்த்திய கெட்டிப் பந்தைச் சுவரில் எறிந்து, திரும்பி வருவதைப் பிடித்து, மறுபடி எறிய வேண்டும். 1979இல் ரோட் ஐலண்டின் நியூபோர்ட்டில் ஒரு வீச்சு மணிக்கு 188 மைல் என்று பதிவானது. அமெரிக்காவுக்கு வந்ததும் இதைக் குதிரைப் பந்தயம் மாதிரியே மாற்றிவிட்டார்கள். எட்டு ஆட்டக்காரர்கள் அல்லது எட்டு ஜோடிகள், முதுகில் 1 முதல் 8 வரை எண், வின் (முதலிடம்), பிளேஸ் (முதல் இரண்டுக்குள்), ஷோ (முதல் மூன்றுக்குள்), எக்ஸாக்டா (முதல் இரண்டும் அதே வரிசையில்) என்று டிக்கெட்.

சட்டமும் இரண்டையும் ஒரே கூரையின் கீழ்தான் வைத்திருக்கிறது. 1931இல், ஆளுநர் டாயில் கார்ல்டன் தடுத்தும் கேட்காமல், ஃபுளோரிடா சட்டமன்றம் குதிரைக்கும் நாய்க்கும் பந்தயத்தை அனுமதித்தது. சில ஆண்டுகளில் ஹாய்-அலாயும் சேர்ந்தது. அன்றைக்கு வாக்குகளைத் திரட்டிய தந்திரம் எனக்குப் பிடிக்கும். வரும் வரியை 67 கவுண்டிகளுக்கும் சரிசமமாகப் பிரிப்பது என்று வைத்தார்கள். பந்தய மைதானத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத கிராமத்துக் கவுண்டிக்கும் மயாமிக்குக் கிடைக்கும் அதே தொகை! அப்புறம் எந்த உறுப்பினர் எதிர்ப்பார்? இன்றைக்கு இரண்டையும் மேற்பார்ப்பது ஃபுளோரிடா கேமிங் கண்ட்ரோல் கமிஷன். 2021இல் சட்டம் போட்டு உருவாக்கி, 2022இல் பழைய துறையிடமிருந்து பொறுப்பை அதனிடம் மாற்றினார்கள். டிக்கெட் வாங்க இரண்டு இடத்திலும் 18 வயது போதும். அதே கட்டடத்தில் ஸ்லாட் இயந்திரத்தைத் தொட 21 ஆக வேண்டும். இதிலெல்லாம் வித்தியாசம் இல்லை.

வித்தியாசம் பூலில்தான்.

கிண்டியில் டோட் ஜன்னலில் நின்றவர்களுக்கு இந்த முறை புதிதல்ல. புக்கி கிடையாது. எல்லோர் பணமும் ஒரு பூலில் சேரும். அதிலிருந்து ஒரு பிடித்தம் போகும். மிச்சத்தை ஜெயித்தவர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அதாவது நாம் கட்டும் பணமே டிவிடெண்டை (ஜெயித்த டிக்கெட்டுக்கு வரும் தொகையை) மாற்றும். எவ்வளவு மாற்றும் என்பதுதான் கேள்வி.

ஒரு கணக்கு போடுவோம். வின் பூலில் 1,000 டாலர் இருக்கிறது, நீங்கள் நினைக்கும் 3ஆம் எண்ணில் 200 டாலர், பிடித்தம் 20 சதவீதம் என்று வையுங்கள். மிச்சம் 800. ஆக 2 டாலர் டிக்கெட்டுக்கு 8 டாலர் வரும் என்று பலகை காட்டும். அதை நம்பி நீங்கள் 100 டாலர் கட்டுகிறீர்கள். பூல் 1,100, பிடித்தம் போக 880, 3ஆம் எண்ணில் 300. டிக்கெட்டுக்கு 5.87 டாலர்தான். சில்லறையைக் கீழ்நோக்கி வெட்டுவதால் அதுவும் முழுசாக வராது. உங்கள் சொந்தப் பணமே உங்கள் லாபத்தில் கால்பங்குக்கு மேல் தின்றுவிட்டது. இதே விகிதத்தில் பூல் 1,00,000 டாலர் என்றால்? அதே 100 டாலர் கட்டிய பிறகும் 7.97 டாலர் நிற்கும். சில்லறை வெட்டு இங்கேயும் உண்டு, ஆனால் அடி அவ்வளவுதான்.

நான் போன இரவுகளில் டேனியாவின் பூல்கள் முதல் கணக்கைச் சேர்ந்தவையாகவே இருந்தன. கல்ஃப்ஸ்ட்ரீமில் சனிக்கிழமை ஓட்டங்கள் இரண்டாவது கணக்கு. அங்கே நேரில் கூட்டம் அள்ளுகிறது என்று நினைக்க வேண்டாம். பல நாட்கள் இருக்கைகள் காலியாகவே கிடக்கும். பணம் வெளியிலிருந்து வருகிறது. அதற்கு வழிவிட்டதே சட்டம்தான்.

1978இல் அமெரிக்க காங்கிரஸ் மாநிலங்களுக்கு இடையிலான குதிரைப் பந்தயச் சட்டத்தை நிறைவேற்றியது. மைதானமும், குதிரைச் சொந்தக்காரர்கள் சங்கமும், இரு மாநில ஆணையங்களும் சம்மதித்தால் ஒரு மாநிலத்தில் இருப்பவர் இன்னொரு மாநில ஓட்டத்தில் கட்டலாம், அந்தப் பணம் அதே பூலில் கலக்கலாம். அதனால்தான் ஹாலண்டேலில் ஓடும் குதிரைக்கு நியூயார்க்கிலும் கென்டக்கியிலும் உட்கார்ந்து டிக்கெட் வாங்குகிறார்கள். இந்தச் சட்டம் பெயரிலேயே குதிரைக்கு. ஹாய்-அலாய்க்கு அப்படி ஒன்று கிடையாது. ஒரே ஆணையத்தின் கீழ் இருக்கும் இரண்டு பந்தயங்களில் ஒன்றுக்கு நாடு முழுவதும் கதவு திறந்திருக்கிறது, மற்றது ஏறத்தாழ வாசலுக்குள் வந்தவர்களை நம்பி ஓடுகிறது.

மாநிலத்தின் வரி விகிதத்தையும் பாருங்கள். ஃபுளோரிடா சட்டத்தொகுப்பின் 550ஆம் அத்தியாயத்தில் நெடுநாளாக உள்ள விகிதப்படி, கட்டும் மொத்தப் பணத்தில் ஜாதிக்குதிரை ஓட்டத்துக்கு வரி 0.5 சதவீதம், ஹாய்-அலாய்க்கு 7.1 சதவீதம். 100 டாலருக்கு அங்கே 50 சென்ட், இங்கே 7 டாலர் 10 சென்ட். (நாள் கட்டணத்தில் மட்டும் தலைகீழ்: ஒரு குதிரை ஓட்டத்துக்கு 100 டாலர், மனிதர்கள் ஆடும் ஒரு ஆட்டத்துக்கு 40.) வசூல் குறைந்த கூடங்களுக்குப் பிற்பாடு சலுகைகள் கொடுத்தார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் வரி பிடித்தத்துக்குள்ளிருந்துதான் போகிறது. அந்தப் பங்கு பெரிதானால் நடத்துபவர் கையில் நிற்பது குறையும், இல்லையென்றால் பிடித்தத்தை உயர்த்த வேண்டும். கூட்டம் 10,000த்தைத் தாண்டிய காலத்தில் அந்த வரி உறைத்திருக்காது. மயாமி கூடத்தில் 1975 டிசம்பர் 27 அன்று மட்டும் 15,502 பேர் வந்திருக்கிறார்கள். 1988இல் மாநில லாட்டரி வந்தது, அதே ஆண்டு ஆட்டக்காரர்களின் வேலைநிறுத்தம் தொடங்கி 1991 வரை இழுத்தது. அதன் பிறகு அந்தக் கூட்டம் திரும்பவே இல்லை.

சின்ன பூல் இன்னொரு நல்ல விஷயத்தையும் கெடுத்துவிடுகிறது. ஹாய்-அலாயின் புள்ளி முறையில், ஜெயித்தவர் களத்தில் நிற்பார், தோற்றவர் வரிசையின் கடைசிக்குப் போவார், முதல் சுற்று முடிந்ததும் புள்ளி இரட்டிப்பாகும். இந்த ஏற்பாட்டில் முதலில் களமிறங்கும் 1, 2 எண்களுக்கு இயல்பாகவே சாதகம் உண்டு. குதிரையின் மனநிலையைக் கணிப்பதைவிட இது கணக்குக்கு மடங்கும். நியூயார்க் ஸ்டோனி புரூக் பல்கலைக்கழகக் கணினிப் பேராசிரியர் ஸ்டீவன் ஸ்கியேனா 1990களில் இதற்கென்று நிரல் எழுதி, கனெக்டிகட் மாநிலக் கூடத்தில் சிறிய தொகைகள் கட்டி லாபமும் பார்த்தார். சிறிய தொகை என்பதைக் கவனியுங்கள். பூல் சின்னதாக இருக்கும்போது எவ்வளவு மூளை இருந்தாலும் அதற்குமேல் கட்டினால் மேலே போட்ட முதல் கணக்குதான்.

பெரிய பூலில் தொல்லை இல்லையா என்றால், உண்டு. கணினி வைத்துக் கட்டும் பெரும் கைகள் கடைசி நொடியில் பணத்தைக் கொட்டுகிறார்கள். கதவு திறந்து குதிரைகள் பாய்ந்த பிறகு பலகையில் டிவிடெண்ட் சரிவதைப் பார்க்க வயிறு எரியும். நான்கு மடங்கு என்று நினைத்துக் கட்டியது இரண்டரை மடங்காகி நிற்கும். இதற்கு இதுவரை நல்ல கட்டுப்பாடு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஒரே குதிரையில் கட்டும் சின்ன நேர்க்கட்டுகளை விட்டு, எக்ஸாக்டா மாதிரி வரிசை டிக்கெட்டுகளுக்கு நகர்ந்தது ஓரளவு உதவியது, அவ்வளவுதான்.

நேர்மை விஷயத்தில் இருவருமே உத்தமர்கள் இல்லை. வேர்ல்ட் ஹாய்-அலாய் நிறுவனத்தின் உரிமையாளர் ராஜர் வீலர் 1981இல் டல்சாவில் சுட்டுக்கொல்லப்பட்டார். சுட்டதாக பாஸ்டன் கும்பலின் ஜான் மார்டொரானோ பின்னாளில் ஒப்புக்கொண்டார். அந்த நிறுவனத்தின் பாதுகாப்புத் தலைவராக இருந்த முன்னாள் எஃப்பிஐ அதிகாரி பால் ரிகோ மீது கொலை வழக்கு வந்து, விசாரணைக்கு முன்பே 2004இல் இறந்தார். குதிரைப் பக்கம், 2020இல் ஊக்கமருந்து வழக்கில் பயிற்சியாளர்கள் ஹோர்ஹே நவாரோவும் ஜேசன் செர்விஸும் மாட்டினார்கள். இருவருக்கும் சிறை. செர்விஸின் குதிரை மாக்ஸிமம் செக்யூரிட்டி ஜெயித்தது இதே கல்ஃப்ஸ்ட்ரீமில் நடந்த 2019 ஃபுளோரிடா டெர்பியை. அந்த வழக்கு வந்த ஆண்டே மத்திய அரசு குதிரைப் பந்தய நேர்மைச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 2023 மே முதல் மருந்துச் சோதனை நாடு தழுவிய ஒரே அமைப்பிடம் போயிருக்கிறது. இன்னும் முணுமுணுப்பு இருந்தாலும், பூலில் பணம் போடுபவனாக எனக்கு இது கூடுதல் தெம்பு.

ஹாய்-அலாயை முழுக்கத் தள்ளிவிட எனக்கு மனசில்லை. அங்கே என் அனுபவம் குறைவு என்பதால் ஆட்டக்காரர்களின் தரம் பற்றித் தீர்ப்பு சொல்ல மாட்டேன். வெளியூரிலிருந்து நண்பர்கள் வந்தால் நான் முதலில் கூட்டிப்போவது அங்கேதான். ஆளுக்கு 2 டாலர் டிக்கெட், 1 அல்லது 2 எண் வருகிற மாதிரி ஒரு கினியேலா (முதல் இரண்டு பேரும் எந்த வரிசையில் வந்தாலும் சரி). பந்து சுவரில் மோதும் சத்தத்துக்கே அந்தக் காசு சரியாகிவிடும். மயாமியின் மேஜிக் சிட்டி 2018இல் நாய்ப் பந்தயத்தை விட்டுவிட்டு, கல்லூரி விளையாட்டு வீரர்களுக்குப் பயிற்சி கொடுத்து ஹாய்-அலாய் தொடங்கியது. பிறகு ஒருவருக்கு ஒருவர் மோதும் முறையையும் கொண்டுவந்தது. இந்த ஆட்டத்துக்கு எதிர்காலம் இருந்தால் அந்த வழியில்தான் இருக்கும் என்று தோன்றுகிறது.

எதிர்காலம் என்றதும், குதிரை பக்கம் நிற்கும் என் நிலைக்கும் ஒரு கெடு இருக்கிறது. 2004 அரசியலமைப்புத் திருத்தத்துக்குப் பிறகு இந்த இடங்களுக்கு ஸ்லாட் கிடைத்தது, நேரடிப் பந்தயம் நடத்த வேண்டும் என்ற நிபந்தனையோடு. 2021 சட்டம் அந்த நிபந்தனையை ஹாய்-அலாய்க்கு நீக்கிவிட்டது. டேனியாவில் உடனே நின்றுவிடவில்லை, ஆனால் இனி அது உரிமையாளர் விருப்பம். ஜாதிக்குதிரைக்கு மட்டும் கட்டாயம் தொடர்கிறது, அதனால்தான் பூலும் தொடர்கிறது. 2025இல் அதையும் நீக்க மசோதா வந்தது. குதிரை வளர்ப்பவர்கள் கடுமையாக எதிர்த்தார்கள், நிறைவேறவில்லை. கல்ஃப்ஸ்ட்ரீம் நிலத்தின் விலையைப் பார்த்தால் அது மறுபடி வரும் என்றுதான் நினைக்கிறேன். நிறைவேறிவிட்டால், ஓல்ட்ஸ்மாரில் உள்ள டாம்பா பே டவுன்ஸுக்கு நாலு மணி நேரம் கார் ஓட்ட வேண்டியிருக்கும், அங்கேயும் ஓட்டம் தொடர்ந்தால்.