சிங்கராஜாவா, கன்னெலியாவா? கொழும்பிலிருந்து ஒரு நாள் பயணம்

இரண்டும் மழைக்காடுகள். காடும் கடலும் ஒரே நாளில் வேண்டுமென்றால் காலிப் பக்கத்துக் கன்னெலியாதான் சரி. 1988இல் உலக மரபுரிமையான சிங்கராஜா பெரிய பெயர், ஆனால் குடாவ வாசலுக்குப் போகவே நாலு மணித்தியாலம் வரை பிடிக்கும். கலவானைக்கு அப்பால் பாதை ஒடுங்கி வளைவதால் பிள்ளைகளுக்கு வாந்தி வரும். கடலுக்கு அன்று நேரம் மிஞ்சாது. பறவைகளே நோக்கமென்றால் மட்டும் அதைத் தெரிவுசெய்யுங்கள். கரிச்சான் குருவியோடு பல பறவை இனங்கள் ஒன்றாக இரைதேடும் கூட்டம் அங்கே அருமையான காட்சி.

கன்னெலியாவுக்கு, வெள்ளவத்தையிலிருந்து காலை 5 மணிக்கே வானை எடுங்கள். கொட்டாவையில் அதிவேக நெடுஞ்சாலையில் ஏறி, பத்தேகமையில் இறங்கி, உடுகம வழியாகப் போகலாம். காட்டை முதலில் முடியுங்கள். பின்னேரம் இடிமழை பிடித்தால் கல்லும் வேரும் வழுக்கும், இரத்தம் குடிக்கும் அட்டையும் கூடும்.

அட்டைக்கு முழங்கால் வரை நெருக்கமான துணிக் காலுறை போதும். கடித்தால் பிடித்து இழுக்காதீர்கள். ஒடுங்கிய வாய்ப்பக்கத்தை நகத்தால் தோலோடு ஒட்டித் தள்ளினால் கழன்றுவிடும். உறையவிடாத பொருள் அதன் உமிழ்நீரில் இருப்பதால் இரத்தம் சற்றுநேரம் கசியும். சவர்க்காரம் போட்டுக் கழுவி, துணியால் அழுத்துங்கள்.

பிறகு காலிக் கோட்டை, ஹிக்கடுவைக் கடற்கரை. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் இந்தக் கடல் கொந்தளிக்கும், அப்போது பிள்ளைகளை இறக்கவே வேண்டாம். ஜனவரி முதல் மார்ச் வரை வசதி.